திறனறித் தேர்வில் தோற்றவர் வேலையிலும் தோற்பாரா?

"திறனறித் தேர்வில் தோற்பவர் வேலையிலும் தோற்பார், இது ஆய்வில் நிரூபணமான உண்மை" என்றொரு செய்தி, பெங்களூரில் வேலை தேடும் தமிழ் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு.

இத்தகைய பேச்சுக்கு வழக்கமாக ஆதாரமாகக் காட்டப்படுவது, அமெரிக்க உளவியலாளர்கள் ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பாகும். திறனறித் தேர்வு போல, பொதுவான சிந்திக்கும் திறனை அளக்கும் அறிவாற்றல் தேர்வுக்கும் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பை அது 0.51 என மதிப்பிட்டது. முழுப் பொருத்தம் என்றால் அந்த எண் 1 ஆக இருக்க வேண்டும். பழைய கணக்கில் செய்யப்பட்ட புள்ளியியல் திருத்தங்கள் மிகையானவை என்று காட்டிய உளவியலாளர் சாக்கெட்டின் குழுவினர், 2022இல் அதை 0.31 ஆகக் குறைத்தனர். பணியாளர்களின் செயல்திறனில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு (0.31ஐ 0.31ஆல் பெருக்கினால் வருவது) மட்டுமே தேர்வோடு தொடர்புடையது என்பதே இதன் பொருள். அனைவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே முறையில் மதிப்பிடும் நேர்காணலுக்கு அதே ஆய்வு அளித்த மதிப்பு 0.42.

தேர்வு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஒருவர் மீண்டும் எழுதினாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வருவது நம்பகத்தன்மை. அம்மதிப்பெண் வேலைத்திறனை முன்கூட்டிச் சொல்வது வேறு. அல்சூரில் அறையெடுத்துத் தங்கியிருக்கும், எனக்குத் தெரிந்த ஒரு பெண், ரயில் வேகக் கணக்கை ஒரு நிமிடத்துக்குள் முடிக்க இயலாமல் கண்கலங்கினாள். பிழையான நிரலை வரிவரியாகப் படித்துச் சரிசெய்யும் அவளது பொறுமையை அந்தக் கேள்வித்தாள் கேட்கவே இல்லை.