காசு தாருங்கள், முகம் கேட்காதீர்கள்

எந்த வீடியோ என்று நான் சொல்லத் தேவையில்லை. கான்சர் வந்த ஒரு அம்மாவுக்குக் காசு கொடுக்கிறதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்களே, அதுதான். இந்தக் கிழமை முழுக்க எல்லோருடைய முகநூலிலும் அது ஓடுகிறது. இணைப்புப் போட மாட்டேன். போட்டால் அந்த மகராசனுடைய சனலுக்கு இன்னும் பத்துப் பார்வை கூடும், அந்தப் புண்ணியம் எனக்கு வேண்டாம்.

பாராதவர்கள் பாக்கியவான்கள். பார்த்தவர்களுக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கும். அம்மா கதிரையில் இருக்கிறார், தலையில் துணி கட்டியிருக்கிறார். தகரக் கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். மைக் பிடித்த தம்பி சொல்கிறார்: "அம்மா, அந்தத் துணியை ஒருக்கா எடுங்கோ, வெளிநாட்டில இருக்கிற உறவுகள் பார்க்கட்டும்." அவர் முதலில் சிரித்து மழுப்பப் பார்க்கிறார். பிறகு வாசலில் நிற்கும் மகளைப் பார்க்கிறார். பிறகு எடுக்கிறார். பின்னணியில் புல்லாங்குழல் வேறு. அப்புறம் மட்டையில் அடித்த ஆளுயரக் காசோலை வருகிறது, அதை அவரும் சேர்ந்து பிடிக்க வேண்டுமாம். ஒரு கையால்தான் பிடிக்கிறார், மற்றக் கை எழும்பவில்லை. மார்பில் ஒப்பரேசன் செய்து அக்குளில் நெறிக்கட்டியும் எடுத்த பலருக்கு அந்தப் பக்கக் கை அப்படித்தான் இருக்கும். அதை அறிய டொக்டருக்குப் படித்திருக்கத் தேவையில்லை. கமராவை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கதைத்திருந்தாலே தெரிந்திருக்கும்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். காசு தாருங்கள், முகம் கேட்காதீர்கள். கான்சர் வந்த மனுசியின் மொட்டைத் தலை உங்களுடைய கணக்கறிக்கை அல்ல.

இதை நேற்று ஒரு சின்னக் கருத்தாகத்தான் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதினேன். அதற்கு வந்த பதில்கள்! "நீங்கள் எத்தனை பேருக்கு உதவி செய்தனீங்கள் தங்கச்சி?" "செய்யிறவனையும் செய்யவிடாத கூட்டம்." ஒருவர் என் புரொபைல் படத்தைத் தேடிப் பிடித்து, "கல்யாண வீட்டுக்குப் பட்டுச் சேலை கட்டத் தெரியுது, ஏழைக்குக் குடுக்கத் தெரியேல்லையோ" என்றார். சரி. பட்டுச் சேலை கட்டினதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது விசயத்துக்கு வருவோமா?

முதலில் நியாயமான கேள்வி. படம் போடாவிட்டால் காசு அனுப்புகிறவர்கள் எப்படி நம்புவார்கள்? கனடாவில் இரண்டு வேலை செய்து, சுவிசில் ஹோட்டல் குசினியில் நின்று உழைத்த காசு. அது உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஏமாற்றும் நடந்திருக்கிறது, ஒருவருடைய கிளினிக் கொப்பியைப் படம் பிடித்து இன்னொருவர் காசு சேர்த்த கதை எங்கள் பக்கமும் உண்டு. ஆனால் அதற்கு வழி முகமா? நோயாளியிடம் கிளினிக் கொப்பி இருக்கிறது. கிராம அலுவலர் கடிதம் தருவார். வங்கியில் அவருடைய பெயரிலேயே புத்தகம் இருக்கிறது. காசை நேரே அதில் போட்டுவிட்டு, சிட்டையைக் காசு தந்தவருக்கு மட்டும் அனுப்புங்கள். வங்கிச் சிட்டைக்கு மொட்டைத் தலையும் தேவையில்லை, புல்லாங்குழலும் தேவையில்லை. இன்னொன்றும் கேட்கிறேன். அந்த வீடியோவில் ஒரு லட்சம் கொடுத்தது தெரிகிறது. எவ்வளவு சேர்ந்தது என்று எங்கே தெரிகிறது? வெளிப்படைத்தன்மை என்றால் வாங்கினவரின் முகம் மட்டும்தானா வெளியே வர வேண்டும்?

படம் இல்லாமல் பெரிய காசு சேராது என்பவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2011 இல் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இருவர் முன்னெடுக்க, தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை 27 நாளில் 670 கிலோமீற்றர் நடந்தார்கள். தெல்லிப்பழையில் எங்கள் சனத்துக்கு ஒரு புற்றுநோய்ப் பிரிவு கட்டத்தான் அந்த நடை. இலங்கையின் தென்முனையில் தொடங்கிச் சிங்களச் சனமும் முஸ்லிம் சனமும் தமிழ்ச் சனமும் காசு போட்டார்கள். அதை எழுப்பக் காசு தேவைப்பட்டபோது தாங்கள் நடந்தார்கள், நோயாளியை நடத்தி வைத்து வித்தை காட்டவில்லை. இன்று வன்னியில் இருந்து கீமோவுக்கும் கரண்ட் பிடிக்கவும், அதாவது கதிர்வீச்சு வைத்தியத்துக்கும், எத்தனை பேர் அந்த வாசலுக்குப் போகிறோம்.

அந்தப் போக்குவரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அரச ஆசுபத்திரியில் வைத்தியம் இலவசம், ஆகவே பிறகென்ன செலவு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அக்காவுக்கு மார்பில் வந்தது. வீடு விசுவமடுப் பக்கம். விடியப்புறம் எழும்பிப் பரந்தனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னொன்று, யாழ்ப்பாணத்தில் இருந்து தெல்லிப்பழைக்கு மற்றது. போய்ச் சேர்ந்து இரத்தம் சோதித்தால், "கவுண்ட் காணாது, அடுத்த கிழமை வாங்கோ" என்பார்கள். அது அவர்களுடைய பிழை இல்லை. வெள்ளணு குறைந்திருக்கும்போது மருந்து ஏற்றினால் ஆளுக்கே ஆபத்து. ஆனால் அன்றைய பஸ் காசு போனது போனதுதான், அத்தானின் நாட்கூலியும் போனது. திரும்பி வரும்போது அக்கா சத்தியெடுக்க என்று அத்தான் சொப்பின் பையை மடித்து மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வருவார். அக்காவுக்கு மூன்று கிழமைக்கு ஒருமுறை கீமோ. அது முடிய, கரண்ட் பிடிக்கிறது தொடங்கியது. அது கிழமையில் ஐந்து நாளும், கிழமைக் கணக்கில். மேசையில் படுக்கிறது சில நிமிடம்தான், ஆனால் அதற்காக ஒவ்வொரு நாளும் விசுவமடுவில் இருந்து போய் வர முடியுமா? தூரத்துச் சொந்தம் ஒன்றின் வீட்டில் தங்கினார்கள். முதல் கிழமை தேத்தண்ணி வந்தது, அடுத்த கிழமை தேத்தண்ணியோடு முகச்சுளிப்பும் வந்தது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் அது சின்ன வீடு. அந்த வருசம் அக்காவின் கச்சானைப் பிடுங்க ஆளில்லை. மழை விழுந்து நிலத்துக்குள்ளேயே முளைத்துவிட்டது. ஏற்கெனவே நுண்கடன்காரன் வேறு ஒவ்வொரு கிழமையும் படலையில்.

இதில் எது அந்த மட்டைக் காசோலையில் இருந்தது? ஒரு கான்சர் குடும்பத்துக்குத் தேவை பஸ் காசு, ஆசுபத்திரிக்குக் கிட்டத் தங்க ஓர் இடம், கூடப் போகிற ஆளின் நாட்கூலி, வீட்டில் பிள்ளைக்கு ஒரு நேரச் சோறு சமைத்துக் கொடுக்க ஒரு அயலட்டைக்காரி. இவற்றில் ஒன்றுமே வீடியோவில் வடிவாக வராது. பின்னே எப்படிச் செய்வார்கள்?

வடிவாக வருவது பொதிதான். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இருந்தார், வாய்ப் புற்றுநோய். கரண்ட் பிடித்து வாய் முழுக்கப் புண், எச்சில் விழுங்கவே கண்ணீர் வரும். ஆறவைத்த கஞ்சித் தண்ணியைக் கரண்டியால் விடுவார்கள். அவருக்கு ஒரு அமைப்பு கொண்டுவந்து கொடுத்த பொதியில் கிறீம் கிறாக்கர், மிக்சர், ஊறுகாய்ப் போத்தல். ஊறுகாய்! அதை அவர் கையில் வைத்துப் படம் எடுத்தார்கள். அவர் போன பிறகும் அந்தப் போத்தல் உடைக்காமல் அவர்கள் வீட்டுத் தட்டில் இருந்தது. யாராவது ஒரு பிள்ளை, "ஐயாவால என்ன சாப்பிட முடியுது?" என்று வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் காசுக்குச் சத்துமாவும் பால்மாவும் வந்திருக்கும்.

அடுத்தது, "அவவே சம்மதிச்சுத்தானே படம் எடுத்தவை." இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு கையில் காசு, மறுகையில் கமரா. வாசலில் படிக்கிற பிள்ளை. நீங்களென்றால் மாட்டேன் என்று சொல்லுவீர்களா? அது சம்மதம் இல்லை ஐயா, கழுத்தில் துவாயைப் போட்டு இழுக்கிறது.

சம்மதம் கிடக்கட்டும், ஆபத்து? கீமோ ஏற்றின ஆளுக்கு நோய் எதிர்ப்பு அடிமட்டத்தில் இருக்கும். சாதாரண தடிமன் காய்ச்சலே ஆளை வாட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடும். அதனால்தான் காய்ச்சல் கண்டவுடன் ஓடிவாங்கோ, சனக்கூட்டத்துக்குள் போகாதேங்கோ என்று கிளினிக்கில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த வீடியோவில் வந்த அம்மா சனக்கூட்டத்துக்குள் போகவில்லை. சனக்கூட்டம் மாஸ்க்கும் இல்லாமல் அவருடைய வீட்டுக்குள் வந்தது, உதவி என்ற பெயரில்.

விழிப்புணர்வு என்று ஒரு சொல்லும் வருகிறது. விழிப்புணர்வு வேண்டுமென்றால் செத்த வீட்டில் வெற்றிலைத் தட்டைச் சுற்றிக் கொடுக்கும்போது எழும்பிக் கதையுங்கள். புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இலேயே சொல்லிவிட்டது. 35 வயது தாண்டிய பெண்களை, நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கிற வெல் வுமன் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அதற்குச் சதமும் தேவையில்லை. வைத்தியச் செலவுக்கு உதவுகிற ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 இல் இருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு பேனையோடு போய் உட்காருங்கள். கொழும்புப் பக்கம் மஹரகமவில் இருக்கிற பெரிய புற்றுநோய் ஆசுபத்திரிக்கு அனுப்பினால் அங்கே சிங்களம் தெரியாமல் எந்தக் கவுண்டரில் நிற்பதென்று முழிக்கிற சனம் எங்களுடையது. சிங்களம் தெரிந்த ஒருவர் கூடப் போனாலே பெரிய தானம். மொட்டைத் தலையைக் காட்டி யாருக்கு என்ன விழிப்பு வந்தது? பாவம் என்று எழுதி, அழுகிற பொம்மை ஒன்று போட்டு, அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், வன்னிச் சனத்தைப் படம் பிடிக்கிறது இன்று நேற்றுத் தொடங்கினதில்லை. 2009 இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தண்ணிக்கு வரிசையில் நின்றபோதும் எங்களைப் படம் எடுத்தார்கள். வந்தவர், போனவர், வாகனத்தை விட்டு இறங்காதவர் எல்லோரும் எடுத்தார்கள். அப்போது எங்களிடம் கேட்க யாருமில்லை, முகத்தை மூட ஒரு துணியும் இல்லை. இப்போது ஒரு துணி இருக்கிறது. அதையும் எங்கள் ஆட்களே, எங்கள் தமிழிலேயே, "ஒருக்கா எடுங்கோ" என்கிறார்கள்.

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவரையும் அப்படி ஒரு படம் எடுத்தார்கள், பெயர் சொல்ல விரும்பாத ஒரு அமைப்பு. ஐயாயிரம் ரூபாவும் ஒரு பொதியும். அந்தப் படம் இன்றைக்கும் இணையத்தில் கிடக்கிறது. போன வருசம் என் பெறாமகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி, நாள் பார்க்கிற கட்டத்துக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ அந்தப் படத்தைத் தேடி எடுத்துவிட்டார்கள். "தாய்க்குக் கான்சராமே, பரம்பரையில வருமாமே" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். மார்பகப் புற்றுநோயில் 100 இல் 5 முதல் 10 வரைதான் பரம்பரை மரபணுவால் வருவது. அதை யார் போய் அவர்களுக்கு விளங்கப்படுத்துவது? பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான், "நான் அண்டைக்கு அந்தப் பொதியை வாங்காமல் விட்டிருக்கலாம்" என்றார். பருப்பும் சீனியும் வாங்கினதற்கு ஒரு தாய் இப்படிச் சொல்ல வேண்டுமா? அந்த அமைப்புக்கு இரண்டு தரம் எழுதினோம், படத்தை எடுங்கள் என்று. "பழைய பதிவுகள் எங்கள் சேவையின் ஆவணம்" என்று பதில் வந்தது. சேவையின் ஆவணமாம்.

நல்லது செய்கிறவர்களை நான் குறை சொல்கிறேன் என்று மறுபடி எழுதப் போகிறவர்கள் எழுதுங்கள். எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் மாதா மாதம் ஆளுக்கு இருநூறு ரூபா போட்டு, கிளினிக் நாளில் ஓட்டோ பிடித்துக் கொடுக்கிறார்கள். யாருக்குப் பிடித்தார்கள் என்று அந்த ஓட்டோக்காரருக்கும் தலைவிக்கும்தான் தெரியும். கொப்பியில் பெயர்கூட எழுதுவதில்லை, கிளினிக் திகதியும் காசும் மட்டும். அவர்களுக்கு சனல் இல்லை, ஆகவே உங்களுக்கு அவர்களைத் தெரியாது.

கடைசியாக, உள்பெட்டியில் அக்காவின் வங்கி இலக்கம் கேட்கிற நல்ல உள்ளங்களுக்கு: அக்கா இப்போது சுகமாக இருக்கிறார், கிளினிக்குக்குத் தவறாமல் போய் வருகிறார். அவருக்குக் காசு வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த யாராவது அந்த வீடியோத் தம்பியின் நண்பர் வட்டத்தில் இருந்தால், அந்த அம்மாவின் முகத்தையாவது மறைக்கச் சொல்லுங்கள். என்னை அவர் நேற்றே புளொக் பண்ணிவிட்டார்.