ஆறை உரித்துப் பத்தை ஒட்டு

(வியாசர்பாடியில் ஒரு தெருமுனை. வேப்பமரத்தடியில் கன்னியப்பனின் இஸ்திரி வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலை. கரி இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. பெட்டியை ஆட்டி ஆட்டி ஊதிக்கொண்டிருக்கிறார். ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு தாஸ் வருகிறார். கையில் சுருட்டிய நீலக் கால்பந்து ஜெர்சி.)

தாஸ்: அண்ணே, அவசரம். இதை முதலில் பாருங்கள்.

கன்னியப்பன்: இது பாலியஸ்டர் ஆச்சே. பெட்டியை வைத்தால் அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். உதறி மாட்டு, போதும்.

தாஸ்: மடிப்புக்கு இல்லை அண்ணே. முதுகில் 6 ஒட்டியிருக்கிறது பாருங்கள். சூடு காட்டினால் உரிந்து வரும் என்றார்கள். அதை உரித்துவிட்டு இதை ஒட்டிக் கொடுங்கள். (சட்டைப் பையிலிருந்து ஒரு 10 எடுக்கிறார்.) பெரியமேட்டில் வாங்கினேன். அறுபது ரூபாய்.

கன்னியப்பன்: பையனுக்குத் தெரியுமா?

தாஸ்: அவன் தூங்கும்போது கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்குப் பயிற்சி ஆட்டம்தானே, ஏதாவது பனியனை மாட்டிக்கொண்டு போவான்.

கன்னியப்பன்: நம்பர் மாறினால் ஆட்டம் மாறிவிடுமா? என் வண்டியில் 'கலெக்டர்' என்று எழுதிவிட்டால் நாளைக்கு மனு கொடுக்க வருவார்களா?

தாஸ்: பத்து என்றால் கோல் அடிக்கிறவன் நம்பர் அண்ணே. இவன் பதினொரு ஆட்டம் ஆடியும் ஒரு கோல் இல்லை! சவாரியை விட்டுவிட்டுப் போய் நிற்கிறேன். நந்தகுமார் நம் வியாசர்பாடிப் பிள்ளைதானே? 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே ஒரு கோல் அடித்தார், அவர் அணியான ஈஸ்ட் பெங்கால்காரர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். என் பையன் என்னடா என்றால் நடுவட்டத்தைச் சுற்றியே உலாத்துகிறான். பந்து வந்தால் உடனே பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிடுகிறான், கைமாற்று வாங்கியதைத் திருப்பித் தருவதுபோல. மற்றவன் கோல் அடித்து எல்லோரும் மேலே விழுந்து கட்டிப்பிடித்தால், இவன் மட்டும் தன் இடத்துக்குத் திரும்பி நடக்கிறான். துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி.

கன்னியப்பன்: கோச் என்ன சொன்னார்?

தாஸ்: டிஃபென்சிவ் மிட்ஃபீல்டராம். எனக்குப் புரிந்தது இதுதான்: தடுக்கவும் லாயக்கில்லை, அடிக்கவும் லாயக்கில்லை. விரட்ட மனசு வராமல் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்.

கன்னியப்பன்: (ஊதுவதை நிறுத்திவிட்டு) தாஸ், நீ மகெலெலே என்று கேள்விப்பட்டிருக்கிறாயா?

தாஸ்: சாப்பிடுவதா?

கன்னியப்பன்: ஆள் பெயரப்பா. கிளோட் மகெலெலே. பிரான்ஸ்காரர். கொஞ்சம் இந்தப் பக்கம் வா.

(மூட்டையை அவிழ்க்கிறார். பேங்க்காரர் வீட்டு வெள்ளைச் சட்டைகளை எடுத்து மேசைமேல் பரப்புகிறார்.)

ரியல் மாட்ரிட். வெள்ளைச் சட்டைக்காரர்கள். வருடம் 2003. இது ஜிடான். இது ஃபிகோ. இது பிரேசில் ரொனால்டோ. இது ரவுல். இந்த ஓரத்தில் இருப்பது ராபர்ட்டோ கார்லோஸ், பெயருக்கு டிஃபெண்டர், ஆனால் வீட்டில் இருக்கமாட்டார். எப்போதும் முன்னால்தான் சுற்றுவார்.

தாஸ்: பார்த்திருக்கிறேன். தொடை இவ்வளவு இருக்கும்.

கன்னியப்பன்: அவரேதான். இப்போது இவர்களுக்கு நடுவில், பின்னால் இருக்கும் இரண்டு டிஃபெண்டர்களுக்குச் சற்று முன்னால்... (மூட்டைக்குள் துழாவி ஒரு பழுப்பு நிற உள்பாவாடையை எடுத்து நடுவில் வைக்கிறார்.) மகெலெலே.

தாஸ்: (சுற்றும் முற்றும் பார்த்து) அண்ணே! டீச்சரம்மா வீட்டுத் துணி! மூடி வையுங்கள்!

கன்னியப்பன்: தொழில்காரனுக்குத் துணி துணிதான். நீயே சொல், கல்யாண வீட்டில் பட்டுப்புடவையைப் பற்றி எத்தனை பேர் பேசுவார்கள்?

தாஸ்: அதைத் தவிர வேறு பேச்சே இருக்காது.

கன்னியப்பன்: உள்பாவாடையைப் பற்றி?

தாஸ்: யார் பேசுவார்கள்?

கன்னியப்பன்: நாடா அவிழ்ந்தால் பேசுவார்கள். பட்டை இடுப்பில் பிடித்து வைத்திருப்பது அதுதான். சரி, இப்போது பார். (இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி) இது எதிரணி. ராபர்ட்டோ கார்லோஸ் முன்னால் ஓடிவிட்டார். (ஒரு சட்டையை மேலே தள்ளுகிறார்.) இடது பக்கம் காலி. பெட்டி அந்த வழியாக வருகிறது. மகெலெலே என்ன செய்வார்?

தாஸ்: பாய்ந்து காலில் விழுந்து...

கன்னியப்பன்: அதுதான் இல்லை. பெட்டி வருவதற்கு முன்பே அந்த இடத்தில் போய் நிற்பார். (உள்பாவாடையை நகர்த்துகிறார்.) ஆள் நிற்பதைப் பார்த்ததும் எதிராளி அங்கே பாஸ் கொடுக்கவே மாட்டான். பந்தைத் திருப்பிப் பின்னால் கொடுப்பான். பார்க்கிறவனுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதானப்பா அவர் வேலை.

தாஸ்: ஒன்றும் நடக்காததற்கு யார் கைதட்டுவார்கள்?

கன்னியப்பன்: யாரும் தட்டவில்லை. அணி லீக் பட்டம் வென்றது. மற்ற நட்சத்திரங்கள் வாங்குவதில் சின்னப் பங்குதான் இவருக்குச் சம்பளம். கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டார். கிளப் தலைவர் புளோரென்டினோ பெரேஸ் முடியாது என்றுவிட்டார். இங்கிலாந்தின் செல்சி கிளப்புக்கு விற்றாயிற்று. விற்ற பிறகு அவர் சொன்னதாகச் செய்தி வந்தது: இவருக்குத் தலையால் முட்டத் தெரியாது, மூன்று மீட்டருக்கு மேல் பாஸ் கொடுப்பதே அபூர்வம், கொடுப்பதிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பக்கவாட்டிலும் பின்னாலும்தான் என்று.

தாஸ்: பார்த்தீர்களா! நான் என் பையனைப் பற்றிச் சொன்னதைத்தான் அவரும் சொல்லியிருக்கிறார்.

கன்னியப்பன்: ஆமாம். நீயும் பெரேஸும் ஒன்று. அவரிடம் பணம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதே கோடையில் யாரை வாங்கினார் தெரியுமா? பெக்காம்.

தாஸ்: அழகான ஆள்.

கன்னியப்பன்: ஐந்து பட்டுப்புடவை பீரோவில் இருக்கிறது. உள்பாவாடையை விற்று ஆறாவது பட்டு வாங்கியிருக்கிறார்!

தாஸ்: அண்ணே, இந்தப் பாவாடை உதாரணத்தை விடுங்களேன். வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வேன்?

கன்னியப்பன்: சரி, உன் பாஷையில் ஜிடானே சொல்லியிருக்கிறார், கேள். பென்ட்லி காருக்கு மேலே இன்னொரு பூச்சுத் தங்கம் எதற்கு, எஞ்சினையே இழந்துகொண்டிருக்கும்போது என்று கேட்டாராம்.

(தாஸ் வாயைத் திறந்தபடி நிற்கிறார்.)

தாஸ்: எஞ்சினையா?

கன்னியப்பன்: எஞ்சினைத்தான்.

தாஸ்: (மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்து) போன தீபாவளிக்கு ஆட்டோவுக்கு ஸ்பீக்கர் வைத்தேன், சீரியல் லைட் போட்டேன், சிவப்பில் புது சீட் கவர். கிளட்ச் கேபிள் நைந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சாமான்தானே, பொங்கலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பேசின் பிரிட்ஜ் மேலே ஏறும்போது அறுந்தது. பின்னால் ஒரே ஹார்ன். லைட் மினுக்கு மினுக்கு என்று எரிகிறது, பாட்டு பிரமாதமாகப் பாடுகிறது, நான் தள்ளுகிறேன்.

கன்னியப்பன்: ரியல் மாட்ரிட்டும் அப்படித்தான் தள்ளியது. 2003-04 லீக்கில் கடைசி ஐந்து ஆட்டத்திலும் தோல்வி. நான்காம் இடம். கோப்பை இறுதி ஆட்டத்தில் சரகோசாவிடம் 3-2. சாம்பியன்ஸ் லீக்கில் மொனாக்கோவிடம் வெளியே. அங்கே கோல் அடித்தது யார்? மாட்ரிட்டே கடனுக்கு அனுப்பியிருந்த மொரியென்டஸ்!

தாஸ்: சொந்தச் செருப்பாலேயே அடி.

கன்னியப்பன்: அடுத்த லீக் பட்டம் 2007-ல்தான். அதற்குள் ஜிடான் ஆட்டத்தை விட்டே போய்விட்டார். இதைப் பார், (உள்பாவாடையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிறார்) இவர் செல்சிக்குப் போய்விட்டார். இப்போது எதிரணி வருகிறது. நேராக ஒரு பாஸ், தடுக்க ஆள் இல்லை, ஜிடானைத் தாண்டியாயிற்று, பின்னால் இரண்டே பேர், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள், ஒருவன் இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் திறந்துகொள்கிறது. பெக்காமை நடுவில் நிறுத்தினார்கள். அவர் நாற்பது மீட்டர் பாஸ் அழகாக அடிப்பார், ஆனால் பந்து எதிரணியிடம் போன பிறகு அந்தப் பள்ளத்தை மூட...

தாஸ்: அண்ணே, புகை!

கன்னியப்பன்: என்ன புகை?

தாஸ்: ஜிடான் கருகுகிறார்!

(கன்னியப்பன் பெட்டியைத் தூக்குகிறார். பேங்க்காரர் சட்டையின் முதுகில் தோணி வடிவத்தில் ஒரு பழுப்புத் தடம்.)

கன்னியப்பன்: போச்சு. (தண்ணீரைத் தெளித்துத் தேய்த்துப் பார்க்கிறார்.) இருபத்தெட்டு வருடத் தொழிலில் இது மூன்றாவது. சரி, கோட்டு போட்டால் தெரியாது.

தாஸ்: சென்னை வெயிலில் எவன் கோட்டு போடுவான்?

கன்னியப்பன்: அதை அப்புறம் பார்ப்போம். செல்சிக்குப் போனவர் கதையைக் கேள். 2004-05-ல் 38 ஆட்டம், மொத்தமே 15 கோல்தான் வாங்கினார்கள். ஐம்பது வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம். இங்கிலாந்தில் அந்த இடத்துக்கே 'மகெலெலே ரோல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தாஸ்: அவர் எத்தனை கோல் அடித்தார்?

கன்னியப்பன்: செல்சியில் ஐந்து பருவம், 217 ஆட்டம். இரண்டு.

தாஸ்: இரண்டா! அப்படியென்றால் என் பையனுக்கு இன்னும் கெடு இருக்கிறது.

கன்னியப்பன்: முதல் கோல் எப்படி வந்தது தெரியுமா? பட்டம் கையில் கிடைக்கிற அன்று, கடைசி நிமிடத்தில் பெனால்டி. பாவம், இவரும் ஒன்று அடிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார்கள். அடித்தார். கோல்கீப்பர் தடுத்துவிட்டார்.

தாஸ்: ஐயோ.

கன்னியப்பன்: திரும்பி வந்த பந்தை எப்படியோ உள்ளே தள்ளிவிட்டார். அரங்கமே எழுந்து ஆடியது.

தாஸ்: (சிரித்து) இப்படிப்பட்டவருக்கு யாராவது பரிசு கொடுத்தார்களா அண்ணே? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

கன்னியப்பன்: பெரிய பரிசு அவருக்கு இல்லை. ஆனால் அதே இடத்தில் ஆடும் ரோட்ரிக்கு 2024-ல், உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் கொடுத்தார்கள். முழங்கால் போய், கட்டைகளை ஊன்றிக்கொண்டு மேடை ஏறினார். அவர் படுத்ததும் அவர் அணி மான்செஸ்டர் சிட்டி என்ன ஆனது? கொஞ்ச நாளில் வரிசையாக ஐந்து தோல்வி. பரிசு தங்கள் ஆட்டக்காரர் வினிசியஸுக்கு இல்லை என்று தெரிந்ததும் அந்த விழாவுக்கே வராமல் முறைத்துக்கொண்ட கிளப் எது தெரியுமா?

தாஸ்: எது?

கன்னியப்பன்: ரியல் மாட்ரிட்.

தாஸ்: இருபது வருடமாகியும் அவர்களுக்கு நாடா... இருங்கள், நானும் அந்தப் பேச்சுக்கு வந்துவிட்டேன்.

கன்னியப்பன்: இன்னொன்று. 2003-ல் பட்டம் வென்ற மறுநாளே பயிற்சியாளர் டெல் போஸ்கேவையும் போய்வாருங்கள் என்று அனுப்பினார்கள். அவர் சும்மா இருந்தாரா? 2010-ல் ஸ்பெயினுக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். நடுவில் யாரை நிறுத்தினார்? புஸ்கெட்ஸ். ஆட்டத்தைப் பார்த்தால் புஸ்கெட்ஸ் தெரியமாட்டார், புஸ்கெட்ஸைப் பார்த்தால் ஆட்டம் முழுக்கத் தெரியும் என்று டெல் போஸ்கேயே சொன்னார். நீ மைதானத்தில் எதைப் பார்க்கிறாய்?

தாஸ்: பந்தைத்தான். வேறு எதைப் பார்ப்பது?

கன்னியப்பன்: அடுத்த ஞாயிறு பந்தை விடு. உன் பையனை மட்டும் பார். பந்து வருவதற்கு முன் எத்தனை தடவை கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறான் என்று எண்ணு.

தாஸ்: அதுவும் செய்கிறான்! யாரையோ தேடுகிறான் என்று நினைத்தேன். எந்தப் பெண்ணடா என்று வீட்டில் போய்க் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கன்னியப்பன்: பெற்ற அப்பனே இப்படிக் கேட்டால் எவன் பேசுவான்? (ஜெர்சியை எடுத்து) சரி, கரி நன்றாகப் பிடித்துவிட்டது. இப்போது சொல். உரிக்கட்டுமா?

தாஸ்: (பிடுங்கி நெஞ்சோடு அணைத்து) கை வைக்காதீர்கள்! ஆறு அப்படியே இருக்கட்டும். ஓரம் வேறு கொஞ்சம் தூக்கியிருக்கிறது, அழுத்தி விடுங்கள். உள்பக்கம் திருப்பிப்போட்டு, மேலே துணி வைத்து. ஜிடானுக்குச் செய்த மாதிரி செய்துவிடாதீர்கள்.

கன்னியப்பன்: அந்த அறுபது ரூபாய் பத்து?

தாஸ்: பேங்க்காரர் சட்டையில் ஒட்டுங்கள். தடம் தெரியாது.

(தாஸின் போன் அடிக்கிறது.)

தாஸ்: பையன்தான். (காதில் வைத்து) சொல்லுடா... ஜெர்சியா? என்னிடம்தான் இருக்கிறது... சரி சரி, கத்தாதே... அப்புறம் எதைப் போட்டுக்கொண்டு ஆடினாய்?... யாருடைய சட்டை?... (முகம் மாறுகிறது) என்ன நம்பர்?

கன்னியப்பன்: என்னவாம்?

தாஸ்: (போனை மூடிக்கொண்டு) இவனுக்குச் சட்டை இல்லை என்று பத்தாம் நம்பர்காரன் தன்னிடம் இருந்த இன்னொன்றைக் கொடுத்தானாம். (போனில்) ம்... ம்... கோல் அடித்தாயா? நீயா?

கன்னியப்பன்: அட! வாயில் சர்க்கரை போடு!

தாஸ்: (எழுந்து நின்று, உரக்க) டேய், நீ அவ்வளவு தூரம் முன்னால் போனால் உன் இடத்தில் யாருடா நின்றது?... யாருமே இல்லையா?... கோச் கத்தினார் இல்லையா? கத்துவார்! கத்தாமல் என்ன செய்வார்? பெக்காம் என்று நினைப்பாடா உனக்கு?... அதற்கப்புறம்?... எத்தனை?... மூன்றா?

(போனை இறக்கி, பேசாமல் நிற்கிறார். கன்னியப்பன் தோளில் கிடந்த உள்பாவாடையை எடுத்து, உதறி, மேசைமேல் விரித்துத் தண்ணீர் தெளிக்கிறார்.)

கன்னியப்பன்: நாடா அவிழ்ந்துவிட்டதா?