மாத வருமானம் எவ்வளவு என்று கேட்காத ஒரு பட்ஜெட் வேண்டும்

வரவு செலவு பார்க்கும் செயலிகளில் அநேகமானவை எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்றுதான். இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்? அப்படியொரு செயலிக்குப் பட்ஜெட் பகுதியை வடிவமைக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். அந்தக் கேள்வியையே எடுத்துவிடுங்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் ஆக்கப்பட்ட நாட்சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுவோம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைப் பதிவை 'பேர்' என்போம். 25 பேர் விழுந்த மாதம் 33,750 ரூபாய். அதில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம் போனால் 31,050. பேர் 15தான் என்றால், கழிவு போக 18,630. அதே ஆள், அதே மலை, அதே உழைப்பு. வித்தியாசம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். கொழுந்து நிறை குறைந்து அரைப் பேர் போட்டால் இன்னும் இறங்கும். தொழிற்சங்கச் சந்தாவும், தீபாவளிக்கு வாங்கிய சம்பள முற்பணத்தின் தவணையும் கழிவது அதற்குப் பிறகுதான். இவர்களிடம் போய் "வருமானத்தில் பாதி தேவைக்கு, 30 வீதம் விருப்பத்துக்கு, 20 வீதம் சேமிப்புக்கு" என்று சொல்லும் செயலியால் ஒரு பயனும் இல்லை.

தை, மாசி மாதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் பனியும் வெயிலுமாக இருக்கும், கொழுந்து குறையும். தீபாவளிக்கு எடுத்த முற்பணத்தின் தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து, பை எல்லாம் வாங்க வேண்டியதும் பெரும்பாலும் அப்போதுதான். மூன்றும் சேர்ந்து வரும் என்பது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே அளவு போடும் செயலிக்குத்தான் தெரியாது. கொழுந்து நிறைய வரும் மாதங்களில் பள்ளிக்கூடச் செலவுக்கென்று கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கச் சொல்வதும், ஒதுக்கியதை மாத முடிவில் அழித்துவிடாமல் அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோவதும் அதன் வேலையாக இருக்க வேண்டும்.

என் எண்ணத்தில், கணக்கு ஒன்றாம் தேதி தொடங்கக்கூடாது. சம்பளம் கைக்கு வந்த அன்று தொடங்கி அடுத்த சம்பளம் வரைக்கும் ஓட வேண்டும். இனி வரப்போகும் காசைப் பங்கு போடக்கூடாது, கையில் இருப்பதை மட்டுமே பிரிக்க வேண்டும். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் நடுவில் ஐயாயிரம் அனுப்பினால், அது எதற்கு என்று அப்போது கேட்டால் போதும்.

அரிசிக் காசு கூடிப்போனால் சிவப்பு எச்சரிக்கை காட்டுவதையும் நான் ஏற்கவில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதமாக இருந்தது. அன்று அளவுக்கு மேல் செலவழித்தவர்கள் ஊதாரிகளா? "எதிலிருந்து எடுத்து இதை ஈடு செய்யலாம்?" என்று கேட்டாலே போதும். நம் அம்மாமார் காசைத் தனித்தனியாக மடித்து வைத்து, டியூசன் காசிலிருந்து மருந்துக்கு மாற்றி, பிறகு திருப்பி வைத்துக் குடும்பம் நடத்தியது இப்படித்தான்.

இதைச் சொன்னால், "இஷ்டத்துக்கு மாற்றவிட்டால் கட்டுப்பாடு எங்கே?" என்று குழுவில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் அசைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. சீட்டுக் காசை அசைக்கக்கூடாது. அது மற்றவர்களின் காசும்கூட. அடகு வட்டியையும் தொடக்கூடாது. தவணை தப்பினால் நகை ஏலத்துக்குப் போய்விடும். இந்த இரண்டையும் பூட்டி வைக்க வேண்டும், அதுவும் எதைப் பூட்டுவது என்பதைக் குடும்பமே தீர்மானிக்க வேண்டும். ஒரு நிறுவனம் கொழும்பில் உட்கார்ந்து தீர்மானிக்கக்கூடாது. பிறகு, செலவைக் கண்டுபிடிக்கிறேன் என்று செயலி எதற்கு எதற்கோ அனுமதி கேட்டு, போனுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிக்கும் வேலையும் வேண்டாம். இங்கே காசு பெரும்பாலும் கையில்தான் புழங்குகிறது. இணையம் இல்லாத இடத்தில் தமிழில் இரண்டு தொடுகையில் எழுத முடிந்தால் சரி.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் முடிவில்லை. தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நாளில் அதை வரவாகக் காட்டலாம் என்கிறார்கள் சிலர். பெரிய தொகை திரையில் தெரிந்தால் ஆட்களுக்குப் பிடிக்குமாம். அது கடன். வந்த அன்றே கடனென்று காட்டி, வரும் சம்பளங்களில் எவ்வளவு கழியும் என்பதையும் அப்போதே காட்ட வேண்டும் என்பது என் கட்சி. தோட்டத்தில் வீட்டுக் கணக்கு பார்க்கும் அக்காமார், தங்கச்சிமார், உங்களுக்கு எப்படித் தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று கீழே எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அதை அப்படியே வாசித்துக் காட்டுகிறேன்.