கத்தோலிக்கத்தைக் கழித்துவிட்டு அந்தப் பள்ளியைக் கேட்க முடியாது

எங்கள் மகன் ஆறாம் வகுப்பில் படிக்கிறான். தென்னாப்பிரிக்காவில் உயர்நிலைப் பள்ளி எட்டாம் வகுப்பில்தான் தொடங்குகிறது என்றாலும், ஜோகன்னஸ்பர்க்கின் பெயர்பெற்ற தனியார் பள்ளிகளுக்கு வெகு முன்னதாகவே விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டியிருப்பதால், கடந்த நான்கு மாதங்களாக எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் அவனைச் சேர்ப்பது என்று நானும் கணவரும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம். இதே கேள்வியோடு இருக்கும் தமிழ்ப் பெற்றோர் இங்கே பலர் உண்டு என்பதால், நாங்கள் எண்ணிப் பார்த்தவற்றை எழுதி வைக்கிறேன்.

எங்களுக்கு அறிவுரை சொன்னவர்களில் பெரும்பாலோர், "நல்ல பள்ளி, நல்ல கண்டிப்பு, ஆங்கிலம் நன்றாக வரும், அந்த ஜெபம் பூசை எல்லாம் நமக்கு எதற்கு, அதை விட்டுவிடுங்கள்" என்றே சொன்னார்கள். அன்போடு சொன்னதுதான். ஆனாலும் எனக்கு அது சரியாகப் படவில்லை. காலைக் கூட்டத்தின் ஜெபமும், மறைக்கல்வி வகுப்பும், திருநாள் திருப்பலியும், ஏழைகளுக்கு உணவு கட்டிக்கொடுக்கப் பையன்களை அனுப்பும் வழக்கமும் ஒரே நம்பிக்கையிலிருந்து வருகின்றன. நாம் மெச்சுகிற அந்தக் கண்டிப்பும் அங்கிருந்துதான் வருகிறது. அதை வேண்டாத சுமையாகப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பன்னிரண்டு வயதுப் பையனை உள்ளே அனுப்பினால், ஐந்து ஆண்டுகள் ஒரு விஷயத்தில் உடலால் நின்று மனத்தால் விலகியிருக்க அவனை நாமே பழக்குகிறோம்.

நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். என் அண்ணன் அங்கே இயேசு சபையார் நடத்தும் தூய சவேரியார் பள்ளியில் படித்தார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் விளக்குப் பூசை நடக்கும். அண்ணனின் நண்பர்கள் வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியைப் "பூசை" என்றே சொல்வார்கள். ஒரே சொல் இரண்டு வீட்டிலும் புழங்கியதால், அண்ணனுக்கு அந்தப் பள்ளி ஒரு நாளும் அந்நியமாகத் தோன்றவில்லை. என் மகனுக்கு அந்த வசதி இல்லை. அவனுடைய வகுப்பில் தமிழ்ப் பையன்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். அதனால் அவனுக்கு நாங்கள் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டியவை கூடுதலாக இருக்கின்றன.

என் மாமனார் வேறொரு காரணத்தால் தயங்கினார். அவர் டர்பனில் பிறந்தவர். 1860இல் சென்னையிலிருந்து வந்த முதல் கப்பலுக்குப் பின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல். அவர் படித்தது, ஊரார் ஒரு பவுண்டு திரட்டினால் அரசு ஒரு பவுண்டு தரும் என்ற ஏற்பாட்டில் இந்தியர்கள் தாங்களே எழுப்பிய பள்ளிகளில் ஒன்றில். "எங்களை வாசல்படி மிதிக்க விடாத பள்ளிக்கு என் பேரனா?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் கேட்டதில் உண்மை இருக்கிறது. நகரங்களில் இருந்த கத்தோலிக்கத் தனியார் பள்ளிகள் பல பத்தாண்டுகள் வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. அதே திருச்சபை, கறுப்பினத்தவர் கல்வியை நிறவெறி அரசின் கையில் கொண்டுவந்த 1953இன் பாண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு கறுப்பினப் பிள்ளைகளுக்கான தன் மிஷன் பள்ளிகளை அரசிடம் ஒப்படைக்க மறுத்து, மானியம் நின்றுபோன பின்னும் நடத்தியது. 1976-77இல் நிறவெறி அரசின் தடையை மீறி, வெள்ளையர் பள்ளிகளின் கதவுகளை மற்ற இனப் பிள்ளைகளுக்கும் திறந்தது. அதில் முன்னால் நின்றவர்கள் அருட்சகோதரிகள். இரண்டையும் சேர்த்தே மகனுக்குச் சொல்ல வேண்டும் என்று மாமாவும் நானும் ஒத்துக்கொண்டோம். சொல்லும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

இனி, பள்ளியிடம் கேட்க வேண்டியவை. திருப்பலியில் அவன் என்ன செய்ய வேண்டும் என்பதே எங்கள் முதல் கேள்வி. திருப்பலியில் தரப்படும் புனித அப்பமான நற்கருணையைக் கத்தோலிக்கர் அல்லாதவர் பெறுவதில்லை. இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம், அல்லது கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு முன்னே சென்று ஆசீர் மட்டும் பெறலாம். இதை முன்பே தெரிந்துகொண்ட பையன் கூச்சமில்லாமல் இருப்பான். தெரியாதவன் முன்னால் போகிறவனைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டு வெட்கப்படுவான். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட பிற சமயங்கள் பற்றிய அறிக்கை இந்து சமயத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று சொல்கிறது. எனவே, "எங்கள் மகனை எப்படி நடத்துவீர்கள்?" என்று கேட்கும்போது நாம் சலுகை கேட்கவில்லை. அவர்களுடைய கொள்கையின்படி நடக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்தது தைப்பூசம். பள்ளி ஆண்டு ஜனவரி நடுவில் தொடங்குகிறது. சில வாரங்களுக்குள் தைப்பூசம் வந்துவிடுகிறது. மெல்ரோஸ் சிவசுப்பிரமணியர் கோயிலில் என் மகன் பால்குடம் எடுப்பான். அதற்கு முன் பத்து நாள் விரதம், கையில் காப்புக் கயிறு. தீபாவளியோ இங்கே அரசு விடுமுறை அல்ல; ஆண்டுத் தேர்வுக் காலத்தை ஒட்டியும் வருகிறது. நாங்கள் பார்த்த ஒரு பள்ளியில், பெயர் சொல்ல விரும்பவில்லை, கயிறு பற்றிக் கேட்டதும் "அதை எல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. அப்போது பார்த்துக்கொள்வது என்றால், பையன் தனியாக ஆசிரியர் முன் நின்று பதில் சொல்வது என்று பொருள். அந்தப் பள்ளியை அன்றே பட்டியலிலிருந்து நீக்கினோம்.

வழக்காடிய தாயின் குடும்பப் பெயரால் "பிள்ளை வழக்கு" (Pillay) என்று அறியப்படும் வழக்கைத் தமிழ்ப் பெற்றோர் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். டர்பனின் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் ஒரு தமிழ்ப் பெண் மூக்குத்தி அணிய அனுமதி மறுக்கப்பட்டது; அவளுடைய தாய் வழக்காடினார். 2007 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம், சமயம் கட்டாயப்படுத்தாத, ஒருவர் விரும்பி மேற்கொள்ளும் சமய, பண்பாட்டு வழக்கங்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்று கூறி, அனுமதி மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான சமத்துவச் சட்டம் தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும். வழக்குப் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

"சாமியார் பள்ளியில் நாலு அடி போட்டு வளர்ப்பார்கள்" என்று இன்னும் பெருமையோடு சொல்கிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. 1996இன் பள்ளிகள் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் பிரம்படியைத் தடை செய்துவிட்டது. தங்கள் மத நம்பிக்கையின்படி அடிக்க உரிமை வேண்டும் என்று வேறு சில கிறிஸ்தவத் தனியார் பள்ளிகள் கேட்டபோது, 2000இல் அதே நீதிமன்றம் மறுத்தது. என் அண்ணன் உள்ளங்கை சிவந்து வீட்டுக்கு வந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அவர் நன்றாக வந்தது அந்த அடியால் என்று நான் ஒருபோதும் நம்பவில்லை. கணக்கு வராத அவரை மாலை ஆறு மணி வரை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்த ஒரு அருட்தந்தையால் வந்தது என்று அவரே சொல்வார்.

பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிக் கேட்கவும் கூச்சப்படக் கூடாது. திருச்சபைக்குள் குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமைகள் உலகறிந்தவை. அதைப் பேசாமல் கத்தோலிக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பொறுப்பாகாது. ஆசிரியர்கள் கல்வியாளர் மன்றத்தில் பதிவு பெற்றவர்களா, பயிற்சியாளர் உட்பட எல்லாப் பணியாளர்களின் பெயர்களும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டோடும் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கப்படுகின்றனவா, ரக்பி சுற்றுலாவில் இரவில் பையன்களோடு யார் தங்குகிறார்கள், மூத்த மாணவர்கள் புதியவர்களைச் சீண்டினால் யாரிடம் சொல்வது என்று நேரடியாகக் கேட்டோம். நாங்கள் விரும்பும் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கொள்கை ஆவணத்தின் நகலையும் தந்தார். கட்டடங்களும் நீச்சல் குளமும் என்னை அவ்வளவு அசைக்கவில்லை. அந்த அரை மணி நேரம்தான் என் மனத்தை உறுதிசெய்தது.

கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ராண்டைத் தாண்டுகிறது. அதற்காகக் கடன் வாங்க வேண்டிய நிலை என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். இந்நகரில் நல்ல அரசு ஆண்கள் பள்ளிகளும் உண்டு. பெண் பிள்ளைகளே இல்லாத வகுப்பறை பற்றிய என் கவலை இன்னும் முழுவதும் தீரவில்லை. அவனுக்கு உடன்பிறந்த சகோதரியும் இல்லை.

நேற்று இரவு விண்ணப்பத்தை நிரப்பினோம். மதம் என்ற இடத்தில் நான் "இந்து" என்று எழுதப் போனேன். டர்பனில் இந்தியர்கள் மிகுதியாக வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்திருந்த அத்தை, அவர்கள் தலைமுறையின் வழக்கப்படி, "தமிழ் என்று போடும்மா, நம்ம சமயம் தமிழ்தானே" என்றார். மகன் பேனாவை வாங்கி இரண்டையும் எழுதினான். எழுதிவிட்டு, காலை ஜெபத்தின்போது முருகனை நினைத்துக்கொள்ளலாமா என்று அந்தத் துணைத் தலைமையாசிரியரிடம் தானே கேட்கப்போவதாகச் சொன்னான். நேர்காணல் வரும் செவ்வாய்க்கிழமை.