ஒரு தீபாவளி வாழ்த்துகூட கையால எழுத மாட்டீங்களா?

நேத்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல நாலு கடை ஏறி எறங்கிட்டேன், ஒரு தீபாவளி கார்டு கிடைக்கல. "இப்பெல்லாம் யாரு வாங்குறா அக்கா, வாட்சப்ல அனுப்பிடுங்க"ங்கிறான் கடைக்கார தம்பி. அதே குத்துவிளக்கு படம், அதே ரெண்டு வரி, இருபது பேர் ஃபார்வர்ட் பண்ணது, அதுல என் பேரு எங்கப்பா இருக்கு?

நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப எங்க அப்பா எஸ்டேட்லேர்ந்து போட்ட கார்டு இன்னும் பிஸ்கட் டின்ல இருக்கு, மை கசிஞ்சு, 'ழ'வுக்கு வால் நீளமா இழுத்து, பாத்தாலே அவர் எதிர்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும்.

என் அண்ணன் மக தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம் படிச்சவ, 247 எழுத்தும் மனப்பாடம், ஆனா மெசேஜ் முழுக்க ஏபிசிடியில தமிழ் எழுதுறா. போன்லயே தமிழ் கீபோர்டு இருக்கே, தொட்டா கை சுடுமா? பேனாவ குடுத்தா 'ஞ' எப்படி சுழிக்கிறதுன்னு முழிக்கிறா, எனக்கு வயிறு எரியுது. 1924ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் பேப்பர் 2019ல நின்னதுலேர்ந்து எங்க வீட்டுல காலையில பேப்பர் விரிக்கிற சத்தமும் இல்ல. மளிகை லிஸ்ட்கூட வாய்ஸ் மெசேஜ்தான்.

நாளைக்கு இந்தப் பிள்ளைங்க ஒரு டின்ன தொறந்தா, யாரோட கையெழுத்துதான் இருக்கும் அதுல?