வற்றிய இடமும் சதுப்பு நிலம்தான்

"கோடையில் தண்ணீர் வற்றினால் அது சதுப்பு நிலம் இல்லை, பாதையை விட்டு இறங்கி நடக்கலாம்" என்று ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். பலர் அதை நம்பியிருப்பதால் சொல்கிறேன்: அது சரியல்ல. ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. செடிகள் வளரும் பருவத்தில் சில வாரங்கள் தொடர்ந்து மண் ஊறிக் கிடந்தாலே போதும். காட்டுக்குள் இருக்கும் பருவக் குட்டைகள் வற்றுவதால்தான் அங்கே மீன் தங்குவதில்லை. தின்ன மீன் இல்லாததால்தான் தவளை முட்டைகள் பிழைக்கின்றன.

பாதையில் நின்றபடியே சரிபார்க்கலாம். அடிமரங்களில் ஒரே மட்டத்தில் நீர்க்கறை தெரிகிறதா பாருங்கள். ஓரத்தில் கோரை இருந்தால், பிடுங்காமல் தண்டை விரலிடையில் உருட்டுங்கள். பெரும்பாலான கோரைகளில் மூன்று விளிம்பு தட்டும், புல்லில் தட்டாது. எல்லாவற்றையும்விட நம்பகமானது மண். தோண்ட வேண்டாம், ஓடை அரித்த கரையே போதும். சதுப்பு நிலமானால் சாம்பல் நிற மண்ணில் துருநிறப் புள்ளிகள் இருக்கும். ஊறிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரைந்து நகர்கிறது. வேர்த்துளை வழியே காற்று பட்ட இடத்தில் துருவாகப் படிகிறது. இந்தத் தடயம் கோடையிலும் மறையாது.

வற்றிய சேற்றுக்குள் விதைகளும் சிற்றுயிர்களின் முட்டைகளும் அடுத்த மழைக்காகக் கிடக்கின்றன. தயவுசெய்து பாதையிலேயே நடங்கள்.