தீபாவின் 51-ஆவது இடம்

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 2016 ஆகஸ்ட் 14. ரியோ ஒலிம்பிக், வால்ட் (ஓடிவந்து மேசையில் கையை ஊன்றித் தாவுவது) இறுதிச்சுற்று, நான்காம் இடம். வெண்கலம் 0.150 புள்ளியில் கைநழுவிப் போனது. விடிந்தால் சுதந்திர தினம், ராத்திரி தூங்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு அதைவிடப் பெரிய நாள் அதற்கு ஒரு வாரம் முன்பு, ஆகஸ்ட் 7. அன்றைக்குத்தான் தகுதிச்சுற்று. 98 பெண்கள், ஐந்து பிரிவுகளாகப் பிரித்து காலையிலிருந்து ராத்திரி வரை நடந்தது. வால்ட், இரட்டைக் கம்பி, பீம், தரை என நான்கு கருவியும் சேர்ந்த மொத்தப் புள்ளியில் தீபாவுக்கு 51-ஆவது இடம். அதே தீபா, அதே நாளில், வால்ட்டில் மட்டும் 14.850 எடுத்து எட்டாவது இடம். வால்ட் இறுதிக்குப் போவது எட்டே பேர். மூன்றாவது பிரிவில் ஆடி முடித்தவர், மீதி இரண்டு பிரிவு முடியும் வரை கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்திருப்பார். தனக்கு மேல் இன்னும் யார் யார் ஏறப்போகிறார்கள் என்று தெரியாத அந்த நேரத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

தகுதிச்சுற்றை நாம் முன்னோட்டம் மாதிரி நினைக்கிறோம். அது தப்பு. எல்லா நாட்டுப் பெண்களும் ஒரே கூரையின் கீழ் நின்று, ஒரே பீமில் ஏறுவது அந்த ஒரு சுற்றில்தான். பீம் என்பது ஒரு நீளக் கட்டை, 10 சென்டிமீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரம். நம்மூர் வரப்பு எவ்வளவு தேய்ந்தாலும் இதைவிட அகலம் இருக்கும், விழுந்தாலும் சேறுதான். அங்கே அதன் மேல் 90 வினாடிக்குள் நடந்து, திரும்பி, பல்டி அடித்து இறங்க வேண்டும். ஒரு தடவை கீழே விழுந்தால் முழுசாக ஒரு புள்ளி போச்சு. 0.150-க்கு ஒரு பதக்கமே போகிற விளையாட்டில் ஒரு புள்ளி என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

பந்தியில் ஒரு வீட்டுக்கு இரண்டு இலைதான் என்பது போல ஒரு விதியும் உண்டு. ஒரு நாட்டிலிருந்து ஒவ்வொரு தனிநபர் இறுதிச்சுற்றுக்கும் அதிகபட்சம் இரண்டு பேர். 2012 லண்டனில் அமெரிக்காவின் ஜோர்டின் வீபர், முந்தின ஆண்டின் உலக சாம்பியன், தகுதிச்சுற்றில் மொத்தப் புள்ளியில் நான்காவதாக வந்தும் அதன் தனிநபர் இறுதிக்குப் போக முடியவில்லை. அவருக்கு மேலே அவர் நாட்டுக்காரர்களே இரண்டு பேர் இருந்தார்கள். அந்தப் பெண் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். ஆனாலும் இந்த விதி வேண்டும் என்றுதான் சொல்வேன். இல்லாவிட்டால் மூன்று நான்கு நாடுகளே மொத்தப் பந்தியிலும் உட்கார்ந்துவிடும்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது நம் செய்தித் தலைப்புகளைப் பார்த்துத்தான். 2021-இல் டோக்கியோவில் பிரணதி நாயக் ஆடினார். ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியாவிலிருந்து போனது அவர் ஒருவர்தான். கொரோனாவில் பயிற்சிக்கூடங்கள் மூடிக் கிடந்து, அதற்கப்புறம் கிடைத்த கொஞ்ச நாளில் தயாராகி, நான்கு கருவியிலும் ஏறி இறங்கினார். மறுநாள் 'ஏமாற்றம்', 'வெளியேறினார்' என்று இரண்டு வரி. அதே தகுதிச்சுற்றில் உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிடினாவும் இறுதிக்குத் தகுதி பெறவில்லை. 46 வயது, எட்டாவது ஒலிம்பிக். பார்வையாளர்களே இல்லாத அரங்கில், போட்டிக்கு வந்த மற்றப் பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதையும் 'வெளியேறினார்' என்றே எழுதுவோமா? 2024 பாரிஸில் நம் நாட்டிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஒருவர்கூடப் போகவில்லை. வெளியேறுவதற்குக்கூட ஆள் இல்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், என் அக்கா மகள். ஊர் பாபநாசம் பக்கம். சித்திரை, வைகாசியில் குடமுருட்டி காய்ந்து வெறும் மணலாகக் கிடக்கும்போது அவளைக் கரையேற்ற முடியாது. கையை ஊன்றிச் சக்கரம் மாதிரி சுற்றுவாள், பின்னால் பல்டி அடிப்பாள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் வைக்கோல் போர். உடம்பெல்லாம் அரிப்போடு வந்து நிற்பாள். சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. வயசுக்கு வந்த மறு வாரம் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். பள்ளியில் கேட்டால், பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, அடிபட்டால் யார் பொறுப்பு என்றார்கள். பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மாரியம்மன் திருவிழாவில் கழைக்கூத்துக்காரர் மகள் கயிற்றில் நடந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம், தட்டில் காசு போடுகிறோம். நம் வீட்டுப் பிள்ளை காலைத் தூக்கினால் மட்டும் "அடங்கி இருடி" என்கிறோம். தீபாவும் பெரிய நகரத்துப் பெண் இல்லை, திரிபுராவின் அகர்தலாவிலிருந்து வந்தவர். பாதம் தட்டை, இந்த விளையாட்டுக்கே ஆகாது என்று சொல்லக்கூடிய கால். பிஸ்வேஸ்வர் நந்தி என்ற பயிற்சியாளர் அந்தக் காலை வைத்துக்கொண்டே புரொடுனோவா வரை கொண்டுபோனார். தாவி, மேசையில் கையை ஊன்றி எழும்பி, முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம் போட்டு இறங்குவது. கழுத்து போய்விடும் என்று பலரும் தொடப் பயப்படுகிற வால்ட் அது.

நம் ஒவ்வொரு மாவட்ட மைதானத்திலும் ஒரு பீம், கீழே விரிக்க நல்ல மெத்தை, சொல்லித்தர ஒரு பெண் பயிற்சியாளர். நான் கேட்பது இவ்வளவுதான். பதக்கம் கேட்கவில்லை. 51-ஆவதாக வரட்டும், 80-ஆவதாக வரட்டும், எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி அந்தத் தகுதிச்சுற்றில் பெயர் கூப்பிட்டு ஏறுவதை நான் பார்க்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பின்னால் நெல் காயவைக்கிற சிமெண்டுக் களத்தில் அவள் கோலமாவால் நீளமாக இரண்டு கோடு போட்டிருந்தாள். ஸ்கேல் வைத்து அளந்து, நடுவில் சரியாக 10 சென்டிமீட்டர். "சித்தி, போன்ல 90 செகண்டு வை" என்றாள். வைத்தேன். முடிந்ததும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரே ஒரு இடத்தில்தான் மாவு கலைந்திருந்தது, ஒற்றைக் காலில் திரும்புகிற இடத்தில். கிண்ணத்திலிருந்து மாவை எடுத்து அந்த இடத்தை மட்டும் மறுபடி போட ஆரம்பித்தாள்.